மூன்றாவது குறுக்கீடு

கேப்டன் ரகோத்தமன் பொய் சொல்கிறவர் இல்லை. எனக்கு வந்த கேடே அதுதான். பொய்க்காரராக இருந்திருந்தால் நான் எட்டு மாதம் இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம். நாலு கேள்வியில் அவரை மடக்கியிருப்பார்கள். அவரோ விசாரணை மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிந்த முகத்தோடு, நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று சொல்லும் மனிதரைப் போலச் சொன்னார்.

"அன்னிக்கு கேபின்லேர்ந்து எனக்கு ஃபோனே வரல சார்."

என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. விமானப் பணிப்பெண்ணாகப் பதினாறு வருடம் ஆகிறது. அன்றைக்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போன விமானத்தில் கேபினுக்கு நான்தான் தலைமை. அந்த ஃபோனைச் செய்தவள் நான். எந்தக் கையில் பிடித்துப் பேசினேன் என்பது வரை சொல்வேன்.

நாங்கள் வேலையில் போட்டுக்கொள்ளும் பட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் விரல் நீளச் சமாச்சாரம். அது வந்ததற்குக் காரணம் ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு விபத்து. விமானிகள் இருவரும் செக்லிஸ்ட் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரியைக் கேட்க, மற்றவர் பார்த்துப் பதில் சொல்ல, அடுத்த வரி. நடுவில் கீழேயிருந்து ஒருவர் சாமான் எடை பற்றி ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் ஒரு வரியைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தாண்டிய அந்த வரி இறக்கையின் மடிப்பை இறக்குவது. நூற்று நாற்பத்திரண்டு பேர் போனார்கள். செத்தவர்களில் என்னோடு பயிற்சியில் இருந்த ஒருத்தியும் உண்டு.

பிறகு பட்டை வந்தது. யார் குறுக்கே வந்தாலும், வந்தவர் போனதும், விட்ட வரியிலேயே மனசைக் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டு வருடத்தில் எங்களுக்கும் கொடுத்தார்கள். எங்களுக்கும் லிஸ்ட் உண்டே: கதவு, பெல்ட், மேல் பெட்டி, ஜன்னல் மூடி. முன்பெல்லாம் பதினாறாம் வரிசையில் யாராவது தண்ணீர் கேட்டால் கணக்கு தப்பி மறுபடி முதல் வரிசைக்கு ஓடுவேன். பட்டை வந்தபின் அந்த அலைச்சல் இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் கை தானாகப் பதினாறாம் வரிசையில் இருக்கும். தண்ணீர் கேட்டவர் என்னவோ பிறகு முறைப்பார். அதெல்லாம் இந்தத் தொழிலில் எப்போதும் உள்ளதுதான்.

அன்று காலை விமானம் நகர ஆரம்பித்த பிறகு, பதினோராம் வரிசை ஜன்னலோரம் இருந்தவர் கையை உயர்த்தினார். அவர் பெயர் நல்லுசாமி என்று பிறகுதான் தெரியும். கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். மகனின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு துணிப்பை, இடது கைக் கட்டைவிரலில் பழைய தழும்பு. பக்கத்து இரண்டு இருக்கையும் காலி.

"பாப்பா, அந்த எஞ்சின் மூடி சரியா ஒக்காரல. ஒரு வெரல் தூக்கிட்டு நிக்குது பாரு. அடியில கொக்கி மாட்டாம உட்டுருக்காங்க."

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் ஒரு வேலைக்காரனின் நிதானம் இருந்தது. முன்னால் போய் விமானி அறைக்கு ஃபோன் செய்தேன். இடது கையில் பிடித்திருந்தேன். எடுத்தது கேப்டன்தான்.

"கேப்டன், இடது பக்க எஞ்சின் மூடி சரியா மூடலன்னு பதினோராம் வரிசைப் பாசஞ்சர் சொல்றாரு. மெக்கானிக் மாதிரி தெரியுது."

"சரி ஜெசிந்தா, பாத்துக்கறேன். தேங்க்ஸ்."

இவ்வளவுதான். நான் திரும்பி வந்து, "கேப்டன்கிட்ட சொல்லிட்டேன் சார், பாத்துக்குவாரு" என்று அவரை உட்கார வைத்தேன். பிறகு என் லிஸ்டை ஆரம்பித்தேன். கதவு, பெல்ட், மேல் பெட்டி. முடித்து என் இருக்கைக்குப் போனேன்.

விமானம் தரையை விட்டு எழும்பிக் கொஞ்ச நேரத்தில் அந்த மூடி பிய்த்துக்கொண்டு போனது. ஒரு துண்டு பதினோராம் வரிசை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதற்கு மேல் அந்த வரிசையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒற்றை எஞ்சினில் கேப்டன் ரகோத்தமன் விமானத்தைத் திருப்பி, அலுங்காமல் இறக்கினார். நூற்று எழுபத்தொரு பேர் உயிரோடு இறங்கினோம். பத்திரிகைகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான், நானும் அவரால் பிழைத்தவள்.

மூடியின் கொக்கியை மாட்டாமல் விட்ட தரைப்பணியாளர் முதல் நாளே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு விசாரணைக்கு மிஞ்சிய கேள்வி ஒன்றுதான். ஒரு பயணி பார்த்துச் சொல்லியும் விமானம் ஏன் நிற்கவில்லை?

நான் ஃபோனில் கேப்டனிடம் சொன்னதைச் சொன்னேன். கேப்டன் ஃபோனே வரவில்லை என்றார். துணை விமானி தப்ரேஸும் அப்படியே சொன்னான். அந்தப் பையனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனால் சொன்னதில் தடுமாற்றம் இல்லை. விமானி அறைப் பேச்சைப் பிடித்து வைக்கும் கருவி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காத பழைய வகை. இறங்கிய களேபரத்தில் மின்சாரத்தை யாரும் நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களும் தீயணைப்புக்காரர்களும் போட்ட கூச்சல் ஏறி, அதற்கு முந்தைய பேச்சு மொத்தமும் அழிந்துவிட்டது. என் பக்கம் சாட்சி சொல்லக்கூடிய ஒரே மனிதர் பதினோராம் வரிசையில் இருந்தார்.

"ஜெசிந்தா நல்ல பொண்ணு சார்" என்றார் கேப்டன், விசாரணைத் தலைவரிடம். "நிறைய தடவ கூடப் பறந்திருக்கேன். அவ மேல பழி போடணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அப்படி ஒரு சேதி வந்திருந்தா நான் அந்த நிமிஷமே வண்டியத் திருப்பியிருப்பேன். அதுகூடத் தெரியாதவனா நான்?"

அவர் திருப்பியிருப்பார் என்று எனக்கும் தெரியும்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அலுவலகத்தில் ஒரு பெரிய மனிதர் என்னை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, மிருதுவாகச் சொன்னார். "சொல்லணும்னு நினைச்சிருப்பீங்கம்மா. அதையே சொல்லிட்டதா மனசு எடுத்துக்கும். அதிர்ச்சியில இது சகஜம்." அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. பேப்பரில் என் படம் வந்தது. மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு கை தள்ளி உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் ரோச் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"நெசமாவே சொன்னியா ஜெசி?"

ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை.

கேப்டன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. ஒரு உயிரைப் பற்றிய சேதி காதில் விழுந்து, வாயால் பதிலும் சொல்லிவிட்டு, அதைத் துடைத்துப்போட்ட மனசு என்ன மனசு? நான் ஒவ்வொரு நாளும் அந்தக் காலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். வெள்ளைச் சட்டை. துணிப்பை. கட்டைவிரல் தழும்பு. ஃபோன் இடது கையில். பிறகு கதவு, பெல்ட், மேல் பெட்டி. ஒரு நொடி விடாமல் என்னிடம் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னை அந்த எட்டு மாதமும் நிமிர்த்தி வைத்தது.

இரண்டாம் அமர்வு சென்னையில். பட்டை செய்யும் நிறுவனத்திலிருந்து யாமினி என்று ஒரு பொறியாளரை வரவழைத்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு தாள்.

"பட்டையில பேச்சு பதிவாகுமாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"ஆகாது சார். லிஸ்ட் எந்த வரியில நின்னுச்சு, எத்தன நொடி நின்னுச்சு, அவ்வளவுதான் இருக்கும். அதையும் நாங்க எங்க சோதனைக்காக வச்சிருக்கிறது. வெளியில கொடுக்கிறது இல்ல. இந்த ஒரு தடவ கொடுக்கச் சொல்லி நான்தான் மேல சண்டை போட்டேன்."

"அன்னிக்கு கேப்டனோட லிஸ்ட் எத்தன தடவ நின்னுச்சு?"

"மூணு தடவ சார்."

தலைவர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன், "கன்ட்ரோல் டவர்லேர்ந்து ரெண்டு தடவ கூப்பிட்டாங்க" என்றார். "ரெண்டுதான்."

"டவர் கூப்பிட்ட நேரம் அவங்ககிட்ட இருக்கு, ரெண்டும் ஒத்துப்போகுது" என்றாள் யாமினி. "மூணாவது ஏழாவது வரியில. ஒன்பது நொடி. ரெண்டு விமானிகள் பட்டையிலயும் ஒரே நேரத்துல நின்னிருக்கு."

தலைவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஃபோன் வந்திருக்கு. பதிலும் சொல்லியிருக்காங்க. எப்படிம்மா ரெண்டு பேருக்கும் சுத்தமா ஞாபகம் இல்லாமப் போகும்?"

"யாராவது குறுக்க பேசினா மனசு அதுகூடப் போயிடும் சார். போறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சோ, அதப் பட்டை பிடிச்சு வச்சுக்கும். பேச்சு முடிஞ்சதும் அப்படியே திருப்பிக் கொடுத்துடும். ஏழாவது வரியில நின்னவரு ஏழாவது வரியிலயே இருப்பாரு. நடுவுல ஒண்ணும் நடக்காத மாதிரி."

"நடுவுல வந்த சேதி?"

"ஒட்டாது." அவள் தாளை மேஜை மேல் வைத்துவிட்டாள். "ஒரு வேலை கைக்கு வந்தா ஒட்டும். டவர் சொன்னா வண்டியத் திருப்பணும், அதனால அது தங்கிடுச்சு. ஆனா இவங்க தொழில்ல எல்லாமே கேள்வி, பதில். பதில் சொல்லிட்டா அந்த வரி முடிஞ்சுது, அடுத்ததுக்குப் போகலாம். இருபது வருஷமா மனசு அப்படிப் பழகியிருக்கு. கேப்டன் 'பாத்துக்கறேன்'னு சொன்னதும் அது முடிஞ்ச வரி ஆயிடுச்சு சார். முடிஞ்சதப் பட்டை வச்சிருக்காது."

"லிஸ்ட் முடிஞ்ச பிறகாவது ஞாபகப்படுத்த ஏதாவது வச்சிருக்கக் கூடாதா?"

"வச்சிருந்தோம். ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, குறுக்கீடு இருந்துச்சுன்னு எரியும். எல்லாரும் சேர்ந்து அத எடுத்துடச் சொல்லிட்டாங்க. புறப்படுற நேரத்துல அந்த விளக்கே பெரிய குறுக்கீடா இருக்குன்னு."

"யாரு சொன்னாங்க?"

யாமினி பதில் சொல்வதற்குள் கேப்டன் எழுந்தார். "விமானிகள் சங்கம் சார். கடுதாசியில என் கையெழுத்தும் இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக. "ஜெசிந்தா, நான் என்ன சொன்னேன்?"

"'சரி ஜெசிந்தா, பாத்துக்கறேன். தேங்க்ஸ்.' அப்படித்தான் சார் சொன்னீங்க."

அவர் அந்த வார்த்தைகளை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வேறு யாரோ பேசியதைக் கேட்பவர் போல இருந்தது அவர் முகம்.

அன்று மாலையே தலைவர் முடிவை வாசித்தார். என் மேல் பிழை இல்லை. விமானிகள் மேலும் குற்றம் இல்லை. பட்டையை எடுக்கவும் முடியாது. அது வந்ததிலிருந்து லிஸ்டில் வரி விடுபட்டு ஒரு விமானம்கூட விழவில்லை என்று கணக்கு காட்டினார். ஒரு பக்கம் நூற்று நாற்பத்திரண்டு, ஒரு பக்கம் ஒன்று. அவர் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் கூடத்திலிருந்த எல்லோரும் அப்படித்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் விளக்கைத் திரும்ப வைக்கச் சொன்னார். கேபினில் இருந்த எங்கள் பட்டைகளையும் விபத்தன்றே கழற்றி உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். அவற்றைத் திறக்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

வெளியே வராந்தாவில் கேப்டன் எனக்காகக் காத்திருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"என்னால உனக்கு ரொம்பக் கஷ்டம்மா" என்றார்.

நல்ல வார்த்தை நாலு சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "பட்டை, வரி எல்லாம் அந்தப் பொண்ணு சொன்னா சார், கேட்டுக்கிட்டேன்" என்றேன். "ஆனா ஒரு உசுரு போற சேதிய ஒரு மனுஷன் எப்படி சார் மறப்பான்? ஓரத்துல ஒரு துளிகூடவா நிக்காது?"

"நானும் தேடிப் பாத்துட்டேன்மா" என்றார். "அங்க ஒண்ணுமே இல்ல."

நான் அவரைத் தாண்டி நடந்தேன். நிம்மதியாக இருந்தது. அவர் தலை குனிந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

வாசலில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் நல்லுசாமியின் மனைவி பாவாயி உட்கார்ந்திருந்தார். இரண்டு அமர்வுக்கும் வந்திருந்தார். கடைசி வரிசையில் இருந்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டுப் போவார். அவரை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம் எனக்கு அதுவரை இல்லை. அன்று இருந்தது. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னது நெசம்னு ஆயிருச்சுங்" என்றார். "நான் அப்பவே நம்புனனுங். அவரும் சொல்லிட்டேன்னுதான சொன்னாரு."

"உங்ககிட்ட பேசினாராம்மா?"

"எழுத வராதுங்க அவருக்கு. பேசிப் பேசித்தான் அனுப்புவாரு. வண்டி கெளம்பறப்ப ரெண்டு அனுப்புனாரு. இத ஆரும் எங்கிட்டக் கேக்கலீங்க." மடியிலிருந்த ஃபோனைத் தடவிக்கொண்டார். "இத்தன நாளும் உங்களப் பழிகாரியாட்டம் ஆக்கிட்டாங்க, அந்த நேரத்துல போயி கேக்க மனசு வரல. இப்பக் கேக்கலாங்களா?"

"கேளுங்கம்மா."

"ரெண்டாந் தடவ உங்ககிட்ட சொன்னாரில்லீங்க, அப்ப அவரு மொகம் எப்பிடி இருந்துச்சு? பயந்து போயிருந்தாருங்களா? கடைசியாப் பாத்தது நீங்கதானுங்க."

"என்கிட்ட ஒரு தடவதாம்மா சொன்னாரு" என்றேன். "ரெண்டாவது தடவ சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா?"

பாவாயி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். ஃபோனைத் திறந்து, கட்டைவிரலால் ஒரு இடத்தைத் தொட்டு, என் காதருகே வைத்தார்.

விமானத்தின் இரைச்சல். மேல் பெட்டி ஒன்று அடைபடும் சத்தம். பிறகு அவர் குரல், முதலில் பேசியதைவிட வேகமாக.

"பாப்பா, இங்க வா. மூடி இப்ப மூணு வெரல் தூக்கிருச்சு. காத்துப் புடிச்சா பிச்சுக்கும். வண்டிய நிறுத்தச் சொல்லு சாமி. நான் முப்பது வருசம் இதுலயே கெடந்தவன்."

அடுத்து ஒரு பெண் குரல், பக்கத்தில், தெளிவாக. "சரிங்க சார், பாத்துக்கறேன். பெல்ட்டக் கொஞ்சம் இறுக்கிப் போடுங்க."

"ம்" என்றார் அவர். பிறகு ஃபோனை வாய்க்கருகே வைத்துக்கொண்டு, "மறுக்காவும் சொல்லிட்டேன் பாவாயி. நிறுத்திருவாங்க" என்றார். அதோடு முடிந்தது.

பதிவுக்குக் கீழே நேரம் இருந்தது. ஒன்பது பதினான்கு. விமானம் எழும்பியது ஒன்பது பதினேழு. நான் ஒரு மணியடித்தால் நிற்கும் விமானம் அது. நிறுத்த எனக்கு மூன்று நிமிடம் இருந்திருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். வெள்ளைச் சட்டை வந்தது. துணிப்பை வந்தது. தழும்பு வந்தது. எல்லாம் முதல் தடவையுடையவை. பிறகு கதவு, பெல்ட், மேல் பெட்டி. பத்தாம் வரிசை, பதினோராம் வரிசை, பன்னிரண்டாம் வரிசை. பதினொன்றில் ஒரு பெல்ட் இறுக்கமாக இருந்தது, அது சரி என்று நகர்ந்தேன். அவ்வளவுதான் இருக்கிறது. அந்தப் பெல்ட்டுக்கு மேலே முகமே இல்லை.

"உங்களுக்கும் அந்தப் பட்டை குடுத்திருந்தாங்களா?" என்று பாவாயி கேட்டார்.

"குடுத்திருந்தாங்கம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே யாமினி பேசியதையெல்லாம் கடைசி வரிசையிலிருந்து கேட்டவர்தானே. கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில். புடவைத் தலைப்பால் ஃபோனைத் துடைத்தார்.

"அப்ப அவரு ஆருகிட்டத்தானுங்க சொன்னாரு?"

வராந்தாவில் கேப்டன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாவாயியிடம் அதை இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார். குரல் என்னுடையதுதான்.